உள்ளே இருப்பவர்கள்: 1

எண் பூஜ்யம் என்று காட்டியிருக்க வேண்டும். ஒன்று என்று காட்டியது.

அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். ஒன்று. பிரவுசரை மூடித் திறந்தாள். ஒன்று. கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த சர்வரை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி ஓடவிட்டு, எல்லாம் தயார் என்று சொல்லும் பச்சை வரி வரும்வரை காத்திருந்து இன்னொரு முறை பார்த்தாள். நீலப் பட்டையின் நடுவே, அவளே தேர்ந்தெடுத்த பெரிய எழுத்தில், அவளே அடித்த வாசகம் அசையாமல் நின்றது.

உள்ளே இருப்பவர்கள்: 1

"யாருப்பா அது, சொல்லாம கொள்ளாம?" என்று வாய்விட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்காம் மாடியில் அவளைத் தவிர ஆளில்லை. ஏசி ஓடாத அறையில் புழுக்கம் ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டிக்கிடந்தது. மழைக்கு முந்தைய வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்திருந்தது. உதிரிபாக அறையிலிருந்து கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த வாடை, பதினான்கு வருடத்தில் மூக்குக்குப் பழகி இல்லாமலே போய்விட்ட அந்த வாடை, இன்றைக்குத்தான் முதல்முறையாக வருவதுபோல் வந்தது. அவள் சிரிப்பு எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியபோது அது தன்னுடையதாகவே படவில்லை. நிறுத்திக்கொண்டாள்.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. நூற்றுச் சொச்சம் கட்டடங்கள் அவர்கள் பொறுப்பு, இந்தக் கட்டடத்தையும் சேர்த்து. போன் இருக்கும் மேஜை அவளுடையது. எந்த மெக்கானிக்கும் லிஃப்ட் ஓடும் குழாய்க்குள் இறங்குவதற்கு முன் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். அவள் நோட்டில் எழுத வேண்டும். கரண்ட் விடுவதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும்; அவள் நோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவள் கண்ட்ரோல் அக்கா. "வீட்டுல ஒரு கரப்பான்பூச்சிய கண்ட்ரோல் பண்ணத் தெரியாது, பட்டத்தப் பாரு" என்று மகள் கேலி செய்வாள்.

எட்டு மாதம் முன்னால் அந்த விபத்து நடந்த பிறகு முதலாளி நோட்டே வேண்டாம் என்றார். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்து. நாளைக்கு எவனும் நான் சொன்னேன் நீ கேக்கலன்னு வந்து நிக்கக்கூடாது." வெளி ஆட்களை வைத்துச் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது அவள்தான் முந்திக்கொண்டாள். நானே படித்துச் செய்கிறேன் சார் என்றாள். நாற்பத்தாறு வயசில் என்ன ஆர்வம் என்று எல்லோரும் மெச்சினார்கள். வெளி ஆட்கள் வந்தால் பழைய நோட்டுகளைப் புரட்டுவார்கள். அந்த ஒரு பக்கத்தில் வேறு யார் விரலும் படுவதை அவள் விரும்பவில்லை.

மூன்று மாதம் வீடியோ பார்த்துப் படித்தாள். ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்று மகள்தான் விளக்கினாள். "கட்டி முடிச்ச வீடு மாதிரிம்மா. சுவரு, கூரை, கதவு, பூட்டு எல்லாம் அவங்களே போட்டுக் குடுத்துட்டாங்க. நீ சாமான எறக்கி வெச்சா போதும்." அவள் சாமான் இறக்கினாள். பெயர், இடம், இறங்கிய நேரம், விவரம் என்று நான்கு கட்டம். கீழே சேமி என்று ஒரு பொத்தான். உள்ளே போனவர் வெளியே வந்தால் அழுத்த இன்னொரு பொத்தான். முகப்பில், இப்போது எத்தனை பேர் உள்ளே என்று காட்டும் அந்த எண். அவ்வளவுதான். நாளைக் காலை பத்து மணிக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போகிறார்.

பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது.

பெயர் என்ற கட்டம் காலி. பெயரில்லாமல் சேமிக்கவே முடியாதபடி அவள் பூட்டு போட்டிருந்தாள். இடம்: குழி. லிஃப்ட் குழாயின் அடியில் இருக்கும் பள்ளம் அது. இறங்கிய நேரம்: 2.40. விவரம் என்ற கட்டத்தில்:

தங்கச்சி, உள்ள இறங்குறேன். எழுதிக்கோ.

மின்விசிறியின் காற்று கழுத்தில் படுவது திடீரென்று தனியாகத் தெரிந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"எலிக்குட்டி, ஒண்ணு கேக்குறேன். நான் இங்க ஓடவிட்டிருக்கேன்ல, இதுக்குள்ள வெளியாளு யாராச்சும் வந்து எழுத முடியுமா?"

"நெட்டுல ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. லேப்டாப்புலதான் இருக்கு."

"அப்ப சான்ஸே இல்ல. அது உன் லேப்டாப்புக்குள்ள மட்டும் ஓடுது. வெளியிலேர்ந்து ஒரு ஈ கூட நுழைய முடியாது."

"உள்ளேர்ந்து?"

மகள் சிரித்தாள். "உள்ள நீ மட்டும்தானேம்மா இருக்கே. பழசு ஏதாவது டெஸ்டுக்குப் போட்டிருப்பே, மறந்திருப்பே. அழிச்சிட்டு வேலையப் பாரு."

அழித்தாள். எண் பூஜ்யமானது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காமல் தலைகுனிந்தே போய்த் தலைகுனிந்தே திரும்பக் கற்றிருந்தாள். அதில் ஒரு மனிதரின் முகம். நரைத்த மீசை, கூச்சமான சிரிப்பு. கம்பெனி ஆண்டு விழாவில் எடுத்த படம். கீழே சிவப்பு எழுத்து: சொல்லாமல் இறங்காதீர்கள். இவர் சொல்லவில்லை.

அவரை எல்லோரும் பூனையண்ணன் என்பார்கள். எத்தனை உயரத்திலும் சத்தமில்லாமல் ஏறி இறங்குவார். பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது, திரும்பினால் இருப்பார். மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு ஆபீசுக்கு வந்தால், "ஐயோ எலிக்குட்டி வந்துட்டா, பூனை ஓடிருச்சு" என்று உதிரிபாக அறைக்குள் ஓடி ஒளிவார். பெரிய உருவம், அலமாரிக்குப் பின்னால் பாதிதான் மறையும். பிள்ளை உருண்டு உருண்டு சிரிக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

உள்ளே இருப்பவர்கள்: 1

பட்டியலில் வரியின் எண் மட்டும் மாறியிருந்தது. முன்பு ஒன்று, இப்போது இரண்டு. வீடியோ வாத்தியார் சொல்லியிருந்தார்: ஒரு வரியை அழித்தாலும் அதற்குக் கொடுத்த எண்ணை டேட்டாபேஸ் இன்னொருவருக்குக் கொடுக்காது. ஆள் போனாலும் அவர் இடம் போகாது. அப்போது அது சாதாரணப் பாடமாகத்தான் இருந்தது.

தங்கச்சி, எழுதியாச்சா?

அழித்தாள். இந்த முறை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாராவது பக்கத்தைத் திறந்தால், எதையாவது அனுப்பினால், அங்கே ஒரு வரி ஓடும். நேரத்தோடு ஓடும். மழை தொடங்கியிருந்தது. முதலில் ஜன்னல் தகட்டில் தனித்தனியாக, எண்ணிவிடலாம் போல. பிறகு ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், கட்டடத்தின் முதுகெலும்புக்குள்ளிருந்து வருவதுபோல, கம்பி வடம் ஒன்று பாரம் தாங்கி மெல்ல முறுகும் சத்தம். அது லிஃப்ட். எந்த மாடியிலோ யாரோ அழைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கட்டடத்துக்கு யாரும் வருவதில்லை.

கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியது. அனுப்பியவர் இருக்கும் இடம்: இதே லேப்டாப்.

எழுதியாச்சான்னு கேட்டேன்.

அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தைகள் வேறு யாருக்கும் தெரியாது. போன் லைனில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

எட்டு மாதம் முன்னால், மதியம் இரண்டு நாற்பதுக்கு பூனையண்ணன் கூப்பிட்டார். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். தங்கச்சி, உள்ள இறங்குறேன், எழுதிக்கோ. அவள் கையில் பேனா இருந்தது. இன்னொரு கையில் செல்போன். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, மகள் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லி ஆபீஸ் போனை வைத்தாள். எழுதவில்லை. இருபது நிமிடம் கழித்து மேலே மோட்டார் அறையிலிருந்து எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். "கண்ட்ரோல், உள்ள யாராச்சும் இருக்காங்களா? கரண்ட் விடவா?" நோட்டைப் பார்த்தாள். வரி காலி. நெஞ்சில் ஏதோ இடறியது. ஒரு நொடி. இரண்டு நொடி. செல்போனில் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல. விடுங்க."

அதோடு நின்றிருந்தால் மறதி என்று தனக்குத் தானே சொல்லி ஆறியிருப்பாள். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு அவர் எண்ணிலிருந்து மறுபடி போன் வந்தது. எடுத்தாள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும். ஈரமான, குறுகிய மூச்சு, மூடிய கதவுக்குப் பின்னால் நாய் மோப்பம் பிடிப்பதுபோல. பத்தொன்பது நொடி கேட்டாள். அப்போது யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் மற்றவர்கள் அவரைக் குழிக்குள், லிஃப்டுக்கு அடியில், மூன்றாக மடிந்த நிலையில் கண்டுபிடித்தார்கள். ஐந்து மணிவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள்.

போன் வந்ததே என்று கேட்டபோது, சிக்னல் இல்ல, ஒண்ணும் கேக்கல என்றாள். முதல் போன், அவர் வழக்கமாக விடுமுறை கேட்டுப் பண்ணுவது என்றாள். நம்பினார்கள். அவர் மனைவி ஒருநாள் இந்த மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். அழவில்லை. "முப்பது வருஷம்மா. ஒருநாளும் சொல்லாம இறங்கமாட்டாரு. உங்ககிட்ட சொன்னாரா, சொல்லலையா? அத மட்டும் சொல்லுங்க." அவள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "இல்லக்கா. சொல்லல." அடுத்த வாரம் போஸ்டர் வந்தது. ஊரெல்லாம், அவர் பிள்ளைகள் இருக்கும் தெருவிலும்கூட, அதே பேச்சு: அஜாக்கிரதையான ஆளு, தன் தலையில தானே மண்ணப் போட்டுக்கிட்டான்.

லிஃப்ட் சத்தம் நின்றது. எந்த மாடி என்று தெரியவில்லை. கதவு திறக்கும் மணி ஒலிக்கவில்லை.

வெளியே வந்தார் என்ற பொத்தான் நினைவுக்கு வந்தது. அதற்காகத்தானே அது. அழித்தால்தானே திரும்ப வருகிறார், முறைப்படி வெளியே அனுப்பிவிட்டால்? நல்ல யோசனையாகத் தோன்றியது. பயத்தில் எந்த யோசனையும் நல்ல யோசனைதான். அவர் வரிக்கு நேரே பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் பெட்டி ஒன்று விழுந்தது. தப்பாக நிரப்பினால் எச்சரிக்க அவளே வைத்த பெட்டி. உள்ளே இருந்த வாக்கியம் அவள் எழுதியதில்லை.

அவர் இன்னும் வெளியே வரவில்லை.

மறுபடி அழுத்தினாள்.

அவர் இன்னும் வெளியே வரவில்லை.

கிரீஸ் வாடை கனத்தது. அறையில் கிரீஸும் அதற்கு அடியில் வேறொன்றும். இரும்பு மாதிரி. நாக்கைக் கடித்துக்கொண்டால் வருமே, அந்த மாதிரி. மகளை மறுபடி அழைத்தாள்.

"கொஞ்சம் வர்றியா? தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு."

"என்னம்மா குரல் இப்படி இருக்கு? பக்கத்துலதான் இருக்கேன், பதினஞ்சு நிமிஷத்துல வர்றேன். கதவத் தாப்பா போட்டுக்கோ."

தாழ்ப்பாள் போட்டாள். திரும்பும்போது போஸ்டரைப் பார்த்துவிட்டாள். படம் படமாகத்தான் இருந்தது. அதே கூச்சச் சிரிப்பு. அதுவே தாங்கமுடியவில்லை.

உட்கார்ந்து, புதிய பதிவு என்ற பக்கத்தைத் திறந்தாள். பெயர் என்ற கட்டத்தில் அவருடைய உண்மையான பெயரை அடித்தாள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் எழுதாத பெயர். இடத்தை அடித்தாள். நேரத்தை அடித்தாள், அந்தத் தேதியோடு. விவரம் என்ற கட்டத்துக்கு வந்தபோது விரல் நின்றது. எதிரே இருந்த பெரிய வெள்ளைக் கட்டம் அவளைப் பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. மழை ஒருமுறை ஓய்ந்து மறுபடி பிடித்தது. ஜன்னலில் மஞ்சள் போய்ச் சாம்பல் வந்தது. பிறகு அடிக்கத் தொடங்கினாள், நிறுத்தாமல்.

அவர் சொன்னார். நான் எழுதவில்லை. யாரும் இல்லை என்று நான்தான் சொன்னேன். மூன்று ஏழுக்கு மூச்சைக் கேட்டேன். அவர் மேல் தப்பில்லை. அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க.

கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சுக்கூடு கொஞ்சம் விரிந்தது. சேமி என்று அழுத்தினாள்.

திரை வெள்ளையானது. நடுவில் ஒரு வரி.

இந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது.

ஒரு ஃபார்மைத் திறந்துவைத்து நெடுநேரம் அனுப்பாமல் இருந்தால் ஃப்ரேம்வொர்க் அப்படிச் சொல்லும். பாதுகாப்புக்காக. ஆங்கிலத்தில் இருந்ததை அவளே ஒரு ராத்திரி உட்கார்ந்து தமிழில் மாற்றியிருந்தாள். பின்னுக்குப் போனாள். கட்டங்கள் காலி. மறுபடி அடித்தாள், வேகமாக, எழுத்துப்பிழையோடு. சேமி.

காலாவதியாகிவிட்டது.

மறுபடி. சுருக்கமாக. அவர் சொன்னார். இரண்டே சொல். சேமி.

காலாவதியாகிவிட்டது.

"அண்ணே, இப்ப எழுதுறேன்ல!" என்று கத்தினாள். "இப்பத்தான் எழுதுறேனே!"

முகப்புப் பக்கம் தானாகத் திறந்தது.

உள்ளே இருப்பவர்கள்: 2

பட்டியல். பழைய வரி மேலே. கீழே புதியது. இந்த முறை பெயர்க் கட்டம் காலியாக இல்லை.

பெயர்: எலிக்குட்டி. இடம்: குழி.

விவரம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

அவளுக்கு நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. எழுந்தது தெரியவில்லை. மகளை அழைத்தாள். மணி போனது. காதில் போன மணி அதே நேரத்தில் வேறெங்கோ அடித்தது. மழையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கீழே, ரொம்பக் கீழே. மகளின் போன் பாட்டு. கார்ட்டூன் குரல் பாடும் கிறுக்குப் பாட்டு. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மாற்றித் தொலையேன் என்று நூறு முறை சொன்ன பாட்டு.

சாவிப் பலகையிலிருந்து லிஃப்ட் கதவுச் சாவியைப் பிடுங்கினாள். முக்கோண முனை வைத்த சாவி. தாழ்ப்பாளைத் திறந்து படிகளில் இறங்கினாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் கதவு மூடியிருந்தது. பாட்டு கேட்டது. இரண்டாம் மாடி. இன்னும் தெளிவாக. முதல் மாடி. ஈரச் சுவர், இருட்டு, கைப்பிடிக் கம்பியில் வழுக்கும் உள்ளங்கை. தரைத்தளத்தில் வாட்ச்மேன் நாற்காலி காலி. வாசல் கண்ணாடிக்கு வெளியே மழை சுவர் மாதிரி நின்றது.

பாட்டு லிஃப்ட் கதவுக்குப் பின்னால். கீழே.

"எலிக்குட்டி!"

"அம்மா." சின்னக் குரல். காய்ச்சல் வந்தால் பேசுவாளே, அந்தக் குரல். "அம்மா, உள்ள இருக்கேன்."

சாவியை நுழைத்துத் திருகினாள். கதவை இழுத்தாள். லிஃப்ட் அங்கே இல்லை. வெறும் குழாய். மேலே கறுப்பு, கீழே கறுப்பு, நடுவில் அசையாத கம்பி வடங்கள். வாடை முகத்தில் அறைந்தது. பழைய கட்டடம், குழி ஆழம் கம்மி, ஜாக்கிரதையாக இறங்க வேண்டும் என்று பதினான்கு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவள் அவள்தான். இறங்குவதற்கு முன் யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? மேஜையில் ஆள் இல்லையே.

ஏணியில் கால் வைத்தாள். மூன்று படி. நான்கு. கால் தண்ணீரில் பட்டது. பாட்டு நின்றது.

"எங்க இருக்கே? கைய நீட்டு."

தலைக்கு மேலே கதவு தன் பாரத்தில் தானே நகர்ந்து மூடிக்கொண்டது. வெளிச்சம் கோடானது. கோடு போனது.

கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. மகள் அழைத்தாள்.

"அம்மா, எங்க போனே? ஆபீஸ் கதவு திறந்து கிடக்கு."

"நீ... நீ எங்க இருக்கே?"

"மேல, உன் மேஜைகிட்டதான் நிக்குறேன். மழைக்குப் பின்பக்கப் படி வழியா ஏறி வந்தேன். போன் பையில இருந்துச்சு, இப்பத்தான் பாத்தேன். நாற்காலியெல்லாம் விழுந்து கிடக்கு, என்னாச்சு?"

"அங்கேயே இரு. எதையும் தொடாத. நான் உள்ள..."

"என்னது? விட்டு விட்டு வருது. கீழ இருக்கியா? இரு, இரு, லிஃப்ட்ல வர்றேன்."

"வேணாம்! எலிக்குட்டி, வேணாம்! பட்டன..."

போன் அணைந்தது.

மேலே, நான்காம் மாடியில், மணி ஒலித்தது. கதவு திறக்கும் சத்தம். மூடும் சத்தம்.

சிவப்புப் பொத்தான். குழியில் இறங்கியதும் முதலில் அழுத்த வேண்டிய பொத்தான். ஏணிக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். கையை நீட்டினாள். சுவர். ஈரம். கம்பி. பெட்டி. பெட்டியின் மேல் ஒரு கை இருந்தது. பெரிய கை. ஜில்லென்று. கிரீஸ் வழுவழுத்தது. அது பொத்தானை முழுக்க மூடியிருந்தது. விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள், ஒரு விரலும் அசையவில்லை.

வடங்கள் நடுங்கின. காற்று கீழ்நோக்கி அழுந்தியது. காது அடைத்தது.

கண் இருட்டுக்குப் பழகத் தொடங்கியது. பழகியிருக்க வேண்டாம். குழியின் மூலையில், மூன்றாக மடிந்தபடி, கண்டெடுத்த நாளில் எப்படி மடிந்திருந்தாரோ அப்படியே, அவர் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் நீண்டு பொத்தானில். அவளைப் பார்க்கவில்லை. மேலிருந்து இறங்கி வருவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, அவசரமில்லாமல். ஒரு ஆள் குந்தக்கூட இடமில்லாத குழி அது. மேலே மகள் மெல்லிய குரலில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருவது கேட்டது.

சத்தமில்லாமல் அவர் ஒரு சாண் நகர்ந்தார். தன் பக்கத்தில், சுவரோரமாக, அவளுக்கு இடம் விட்டார்.